பெயரில்லாத சங்கத்தின் நற்சான்றிதழ்

நோட்டீஸ் வந்தபோது ஆரோக்கியசாமி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், வக்கீல் நோட்டீஸ்! கையெழுத்துப் போடணும்!" என்று தபால்காரர் கீழேயிருந்து கத்தினார்.

நூம்பலில் அந்தத் தெருவில் இன்னும் பாதி மனை காலி. சத்தத்துக்குத் தடையே கிடையாது. ஆரோக்கியசாமி படியிறங்கி வருவதற்குள் எதிர்வீட்டுச் சின்னப்பையன் கேட்டருகே ஆஜராகியிருந்தார். அறுபத்திரண்டு வயது, லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தி ஓய்ந்தவர், இப்போது தெருவை நடத்துகிறவர்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் புதிதாக முளைத்த 'ஈரமாவு ஃபுட்ஸ்' அனுப்பிய நோட்டீஸ் அது. இட்லி மாவைப் பாக்கெட்டில் அடைத்து விற்கிற கம்பெனி. தங்களுக்கே உரிய 'ஈரமாவு டாட் காம்' என்ற இணையப் பெயரை மேற்படி ஆரோக்கியசாமி தீய நோக்கத்துடன் ஆக்கிரமித்து வைத்திருப்பதாகவும், பதினைந்து நாளில் ஒப்படைக்காவிட்டால் சிவில், கிரிமினல் இரண்டு வழியிலும் வருவதாகவும் வக்கீல் எழுதியிருந்தார்.

"ஆக்கிரமிப்பா?" சின்னப்பையன் கண்கள் விரிந்தன. "எந்த இடத்துல சார்? ஏரி வாய்க்காலா?"

"இடம் இல்லீங்க. பேரு."

"பேரை எப்படி சார் வளைச்சுப் போடுவீங்க?"

"வளைக்கலைங்க. காசு கொடுத்து வாங்கினது."

"பட்டா இருக்கா?"

ஆரோக்கியசாமியிடம் பட்டா இல்லை. அவர் வீட்டை இடிக்க ஜேசிபி வருகிறது என்று மறுநாள் காலைக்குள் தெரு முழுக்கப் பேச்சு. அவர் காம்பவுண்டு ஓரம் வண்டி நிறுத்தும் இரண்டு பேர் முன்யோசனையாக வண்டியை எடுத்து வேறு இடத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

ஆரோக்கியசாமி ஒன்பது வருடம் முன்புவரை எஸ்டேட்டில் ஒரு பிஸ்டன் கம்பெனியில் தரப் பரிசோதகர். கம்பெனியை மூடினார்கள். வந்த செட்டில்மெண்டில் அவர் இணையப் பெயர்களை வாங்கிப் போட்டார். யாராவது தொழில் தொடங்கினால் இணையத்தில் விலாசம் வேண்டும். அந்த விலாசத்தை முன்கூட்டியே வாங்கி, வருடா வருடம் புதுப்பித்து, ஆள் வரும்போது விற்பது. இதுதான் தொழில். இருநூற்றுப் பன்னிரண்டு பெயர் கையில் இருந்தது. ஒன்பது வருடத்தில் விற்றது இரண்டு. ஒன்றை ஆவடியில் ஒரு டிரைவிங் ஸ்கூல் வாங்கியது. இன்னொன்றை வாங்கியவர் மச்சினர்.

மூன்றாவதாக ஒரு பெயரைத் தேடி ஆள் வந்தது இப்போதுதான். வந்த ஆள் வக்கீல்.

மனைவி ஞானசௌந்தரி வேலப்பன்சாவடியில் ஒரு பொறியியல் கல்லூரி ஆபீசில் கிளார்க். பெயர்களைப் புதுப்பிக்கும் கார்டு அவளுடையது. ஓடிபி அவள் போனுக்குத்தான் வரும். நோட்டீசை அவள் நின்றபடி இரண்டு முறை படித்தாள்.

"உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்னு ஆபீஸ்ல கேட்டா, ஒன்பது வருஷமா கம்ப்யூட்டர்னு சொல்லிக்கிட்டிருக்கேன். இப்ப வக்கீலே திருடன்னு எழுதி அனுப்பிட்டார்."

"திருடன்னு எங்க இருக்கு சௌந்தரி? ஆக்கிரமிப்பாளர்னுதான்..."

"அந்த வித்தியாசத்தை எங்கம்மாகிட்ட நீங்களே போய் விளக்குங்க."

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஈரமாவின் ஒரு வருடக் கெடு முடிந்து, கருணைக் காலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிதான் கடைசி. அதற்குள் புதுப்பிக்காவிட்டால் பெயர் பொதுவில் விழுந்துவிடும். அதன்பின் முதலில் யார் எடுக்கிறாரோ அவருடையது.

"ஓடிபி மட்டும் சொல்லு சௌந்தரி. இந்த ஒரு பேரைத் தேடித்தான் ஆள் வந்திருக்கு. இது போச்சுன்னா ஒன்பது வருஷம் நான் சும்மா உக்காந்திருந்தேன்னு ஆயிடும்."

அவள் நோட்டீசை மடித்தாள். "உங்க ஆளுங்க ஏதோ சங்கம் வெச்சிருக்காங்கல்ல? அவங்க எழுதிக் கொடுக்கட்டும். இவர் முறையா வியாபாரம் பண்றவர், திருட்டுப் பேர் எதுவும் வெச்சுக்கலைன்னு முத்திரை வெச்சு ஒரு லெட்டர். போட்டோ எடுத்து அனுப்புங்க. அடுத்த நிமிஷம் ஓடிபி சொல்றேன்."

கேட்டது நியாயமான கோரிக்கை. சங்கமும் இருந்தது. சங்கத்துக்குப் பெயர்தான் இல்லை.

பதினான்கு மாதம் முன்பு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இதே தொழில் செய்யும் 'முதலீட்டாளர்கள்' இருபத்து மூன்று பேர் கூடினார்கள். ஊர் நம்மைத் திருடன் என்கிறது, ஒற்றுமையாக நின்று மாற்றுவோம் என்று முடிவெடுத்தார்கள். 'மேற்குச் சென்னை இணையப் பெயர் முதலீட்டாளர் சங்கம்' என்று பெயர் முன்மொழியப்பட்டது. கைதட்டல் நாற்பது விநாடி நீடித்தது. அந்த நாற்பது விநாடியில் மூன்று உறுப்பினர்கள் மேசைக்கடியில் போனை வைத்து, அந்தப் பெயரை காம், இன், ஆர்க் என்று மூன்று வாலோடும் தங்கள் பெயரில் பதிந்துகொண்டார்கள். டீ வந்தபோது, உறுப்பினர் சலுகை விலையில் சங்கத்துக்கே விற்கத் தயார் என்றும் பெருந்தன்மையாக அறிவித்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் பெயரைக் காதோடு காதாகச் சொன்னார்கள். பொருளாளருக்குத் திடீரென்று பாத்ரூம் வந்தது. அதற்கடுத்த கூட்டத்திலிருந்து வாசலில் பால் கேன் வைக்கப்பட்டது. எல்லோரும் போனை அதற்குள் போட்டுப் பூட்ட வேண்டும். அப்படியும் கூட்டம் கலைந்ததும் படிக்கட்டிலேயே பதிவு நடந்தது. இதுவரை பத்தொன்பது பெயர் நிறைவேறியிருந்தது. பத்தொன்பதும் உறுப்பினர்கள் கையில். பெயரில்லாததால் பதிவு இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, லெட்டர்பேட் இல்லை. ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் செய்திருந்தார்கள். பெயர் வரவேண்டிய வரியில் ஒரு கோடு.

ஞாயிறு மதியம் மூன்று மணி. அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் இருக்கும் டியூஷன் சென்டர். வாசலில் லோகேஷ் பால் கேனோடு உட்கார்ந்திருந்தான். ஆயிரத்து நூறு பெயருக்குச் சொந்தக்காரன், காலையில் பேப்பர் போடுகிறான்.

"போனைப் போடு அண்ணாத்தே."

"லோகேசு, ஆறு மணிக்குள்ள எனக்குப் போன் வேணும்பா. உயிர்போற அவசரம்."

"அல்லாருக்கும் அவசரந்தான். வாட்ச்சைக் கயட்டு."

"இது சாதா வாட்ச்சுப்பா."

"முள்ளு ஓடுதா காட்டு. போன மாசம் திருமுருகன் சாதா வாட்ச்சுன்னு சொல்லிகினு உள்ள வந்து வாட்ச்சுலயே ரெண்டு டாட் காமை அள்ளிகினு பூட்டான். சாவி எங்கைல இல்ல, தலீவராண்ட கீது."

ஆரோக்கியசாமி போனைப் போட்டார். அது கேனின் அடியில் போய் விழுந்த சத்தம் கேட்டது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் இருபத்திரண்டு பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் பரந்தாமன் எழுந்தார். திருவேற்காடு பக்கம் நெல் வயலை மனை போட்டு விற்று, அந்தப் பணத்தில் நாலாயிரம் பெயர் வாங்கியவர்.

"சமூகம் நம்மைத் திருடன் என்கிறது. நம் சேவை அதற்குப் புரியவில்லை. ஒருவன் கடை தொடங்க நினைக்கிறான். அவன் நினைப்பதற்கு முன்பே அவனுக்காக நாம் நினைக்கிறோம். அவன் பெயரை வேறு எவனும் கெடுத்துவிடாமல் பொத்திப் பாதுகாக்கிறோம். அவனிடமிருந்தும் பாதுகாக்கிறோம். அவன் கண்ணீரோடு வரும்போது கொடுத்துவிடுகிறோம். நடுவில் ஒரு சிறு தொகை. பெற்ற தாய்கூட இந்தச் சேவையைச் செய்ததுண்டா?"

யாருடைய தாயும் செய்ததில்லை. கைதட்டினார்கள்.

செயலாளர் சண்முகசுந்தரம் எழுந்தார். அரசு அலுவலகமொன்றில் முப்பத்து மூன்று வருடம் கோப்பு கட்டியவர். மக்கள் கருத்தறியும் துணைக்குழுவின் அறிக்கையை வாசித்தார்.

"பொதுமக்கள் நாற்பது பேர் விசாரிக்கப்பட்டனர். முப்பத்தெட்டு பேருக்கு நம் தொழில் என்னவென்றே தெரியவில்லை. ஒருவர் திட்டினார். எஞ்சிய ஒருவர் என் மனைவி, அவரும் திட்டினார். ஆகவே தொண்ணூற்றைந்து சதவீத மக்களிடம் நமக்குக் கெட்ட பெயர் இல்லை என்பது புள்ளிவிவரப்படி நிரூபணமாகிறது."

ஆவடி அணித் தலைவர் அசோக் குறுக்கே எழுந்தார். "ஒரு விஷயம். அழைப்பிதழ்ல 'ஒற்றுமையே நம் பலம்'னு போட்டிருக்கீங்க. அந்த வாசகம் ஆவடி அணியோடது. போன வருஷமே டாட் காம் எடுத்து வெச்சாச்சு. அம்பத்தூர்க்காரங்க ஒற்றுமையைப் பத்திப் பேசணும்னா எங்ககிட்ட வாங்கிட்டுப் பேசணும்."

"எங்ககிட்ட டாட் இன் இருக்கு!" என்று பூந்தமல்லி அணியிலிருந்து குரல் வந்தது.

ஒற்றுமை யாருக்குச் சொந்தம் என்ற விவாதம் ஒரு மணி நேரம் நடந்தது. கரும்பலகைக்கு மேலே கடிகாரம் நாலே முக்கால் காட்டியது. ஆரோக்கியசாமியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"ஐயா, என் லெட்டர்..."

"தயார்" என்றார் செயலாளர், கோப்பைத் தட்டி. "டைப் ஆகி வந்துவிட்டது. தலைப்பில் சங்கத்தின் பெயர் எழுதி முத்திரை வைக்க வேண்டியதுதான் பாக்கி. பெயர் தீர்மானம் ஐந்தாவது பொருள். உங்களுடையது ஒன்பதாவது பொருள், 'இதர'."

ஐந்தாவது பொருள் வந்தது. இருபதாவது முறையாகப் பெயர் தேடினார்கள். 'சங்கம்' என்றால் தொழிலாளர் மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். 'கழகம்' என்றால் கொடி கேட்பார்கள் என்றார் இன்னொருவர். ஆவடி சொன்னதை அம்பத்தூர் எதிர்த்தது. அம்பத்தூர் சொன்னதை, சொல்லி முடிப்பதற்கு முன்பே பூந்தமல்லி எதிர்த்தது. ஐந்தேகால். ஐந்தரை. போன் இல்லாத கைகள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. கேன் அவ்வப்போது உள்ளிருந்து அதிர்ந்தது. அதில் ஒரு அதிர்வு ஞானசௌந்தரியாக இருக்கும் என்று ஆரோக்கியசாமிக்குத் தெரியும்.

ஐந்து முப்பத்தெட்டுக்கு அவர் தாங்கவில்லை. பெஞ்சைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். இதர பொருளை இப்ப எடுங்க. என் பேரு ஆறு மணிக்கு விழுது!"

சத்தம் நின்றது.

'விழுது' என்று சொல்லியிருக்கக் கூடாது. அந்தத் தொழிலில் அதைவிடச் சுவையான சொல் கிடையாது. இருபத்திரண்டு கழுத்துகள் மெல்ல அவர் பக்கம் திரும்பின.

"எந்தப் பேரு தம்பி?" பரந்தாமன் குரலில் அதுவரை யாரும் கேட்டிராத வாஞ்சை.

ஒன்பது வருடத்தில் ஆரோக்கியசாமி தன் பெயர்களில் ஒன்றைக்கூட இன்னொரு முதலீட்டாளர் காதில் போட்டதில்லை. தொழிலின் முதல் பாடம் அது. லெட்டரில்கூடப் பெயரைக் குறிப்பிடாமல்தான் டைப் செய்யச் சொல்லியிருந்தார். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நடவடிக்கைக் குறிப்பில் பதிய வேண்டும்" என்றார் செயலாளர், பேனா மூடியைக் கழற்றி.

"ஈரமாவு."

"டாட் காமா?"

"டாட் காம்."

பின் வரிசையில் ஒரு பெஞ்சு முனகியது. அப்புறம் நடந்ததை அந்தச் சங்க வரலாற்றில் யாரும் பார்த்ததில்லை.

அசோக் எழுந்தார். "ஒரு சகோதரர் கண்ணீர் விடறப்ப ஆவடி, அம்பத்தூர்னு பிரிச்சுப் பேசறது அசிங்கம். தலைவர் என்ன பேர் சொல்றாரோ அதுக்கு ஆவடி சம்மதம்."

"பூந்தமல்லியும்!"

பரந்தாமன் மேலே பார்த்து ஒரு பெயரைச் சொன்னார். "இணையப் பெயர்ப் பாதுகாவலர் பேரவை." இருபத்திரண்டு கைகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. செயலாளர் அதைக் கரும்பலகையில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார். ஐந்து நாற்பத்து நாலு. லெட்டரில் முத்திரை குத்தி, கோடு இருந்த இடத்தில் பேரவையின் பெயரைப் பேனாவால் நிரப்பிக் கையெழுத்திட்டார். ஐந்து நாற்பத்தேழு. பதினான்கு மாத வேலை ஒன்பது நிமிடத்தில் முடிந்தது.

லெட்டரை வாங்கியபோது ஆரோக்கியசாமிக்கு நிஜமாகவே கண் கலங்கியது. "ரொம்ப நன்றிங்க. போன் குடுத்தீங்கன்னா..."

"கூட்டம் முறைப்படி முடியணுமே தம்பி. நன்றியுரை இருக்கு."

பரந்தாமன் நன்றி சொன்னார். டியூஷன் சென்டருக்கு, கீழே இருக்கும் ஹார்டுவேர் கடைக்கு, டீ போட்டவருக்கு, ஃபேனுக்கு. அம்பத்தூர் ஆவடிக்கு நன்றி சொன்னது. ஆவடி பூந்தமல்லிக்கு. பதினான்கு மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவர்கள் மாறி மாறிப் பொன்னாடை இல்லையே என்று வருந்தினார்கள்.

"ஐயா, அஞ்சு ஐம்பத்தெட்டு! சாவியைக் கொடுங்க!"

"இறுதியாக," என்றார் பரந்தாமன், "இத்தொழிலில் பெயர் இழந்து போனவர்களுக்காக இரண்டு நிமிட மௌன அஞ்சலி."

எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஆரோக்கியசாமியும் நின்றார். வாயைத் திறந்தால் அஞ்சலியைக் குலைத்த பாவம். கேன் உள்ளே ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. இருபத்திரண்டு தலைகள் குனிந்திருந்தன. குனிந்த தலைகளின் கண்கள் மட்டும் மேலே, கடிகாரத்தில். விநாடி முள் ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்று வந்தது. தன் பெயருக்கான அஞ்சலியில் தானே நிற்பது அவருக்குப் பாதியில்தான் உறைத்தது.

ஆறு மணி, ஒரு நிமிடம். கேன் திறந்தது. போன்கள் உறுப்பினர் எண் வரிசைப்படி. பரந்தாமன் ஒன்று. ஆரோக்கியசாமி இருபத்து மூன்று.

வழக்கமாக இந்த நேரத்தில் தள்ளுமுள்ளு நடக்கும், சட்டை கிழியும். இன்று யாரும் அவசரப்படவில்லை. பரந்தாமன் மட்டும் ஓரமாக நின்று போனில் விரலை ஓட்டினார். மற்றவர்கள் பிரசவ வார்டு வாசலில் நிற்பதுபோல அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் தலையசைத்தார். எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

"டேய் லோகேசு," ஆரோக்கியசாமி அவன் கையைப் பிடித்தார். "எப்படா பேசி வெச்சீங்க? யாரும் வாயே திறக்கலையேடா."

"பேசணுமா இன்னா? கண்ணாலயே முடிஞ்சிச்சு." லோகேஷ் தரையைப் பார்த்தான். "தனித்தனியா அடிச்சிகினா ஒர்த்தனுக்குத்தான் கெடைக்கும். அதான் தலீவரு பேர்ல எடுத்து இருவத்திரெண்டு பங்கு. மன்ச்சுக்கோ அண்ணாத்தே. எனக்கும் புள்ளகுட்டி கீது."

அவர் கைக்குப் போன் வந்தபோது மணி ஆறு ஒன்பது. ஞானசௌந்தரியிடமிருந்து ஐந்து அழைப்புகள். ஈரமாவு டாட் காமை அடித்துப் பார்த்தார். வேறு ஆளுடையது என்றது திரை.

கீழே டீக்கடையில் இருபத்திரண்டு பேரும் ஒரே குரலில் சிரித்தார்கள். டீக்காசை யார் கொடுப்பது என்று செல்லச் சண்டை வேறு. ஆரோக்கியசாமி காலி வகுப்பறையில் பெஞ்சில் உட்கார்ந்தார். வேறென்ன செய்வதென்று தெரியாமல் லெட்டரைப் போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினார். உடனே அழைத்தாள்.

"படிச்சேங்க." குரல் உடைந்திருந்தது. "'இவர் வசமுள்ள பெயர்கள் அனைத்தும் நேர்மையான வழியில் பெறப்பட்டவை என மனமாரச் சான்றளிக்கிறோம்.' முத்திரையெல்லாம் வெச்சு... உங்களை நான் என்னென்னமோ சொல்லிட்டேன். மணி ஆறு தாண்டிடுச்சே, ஓடிபி எதுவும் வரலையே, இன்னும் எடுத்துக்குமா? சீக்கிரம் பண்ணுங்க!"

தலை நிமிர்ந்தார். எதிரே கரும்பலகை. செயலாளரின் குண்டுக் கையெழுத்தில், கீழே இரண்டு கோட்டோடு, பேரவையின் பெயர்.

இருபத்திரண்டு பேர். ஒருவர்கூட அதைப் பதியவில்லை. அத்தனை பேர் கண்ணும் ஈரமாவிலேயே இருந்ததில், பதினான்கு மாதத்தில் முதல்முறையாக ஒரு பெயர் அநாதையாகக் கிடந்தது.

அவர் எழுத்து எழுத்தாக அடித்தார். காலியாக இருக்கிறது என்றது திரை. கார்டு எண். ஓடிபி.

"வந்திருச்சு, வந்திருச்சு! சொல்றேன், எழுதிக்கோங்க." அவள் ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாக, ஜெபம் மாதிரி சொன்னாள். "ஆச்சா? பேரு நம்மளுதா?"

"நம்மளுதுதான்."

எந்தப் பெயர் என்று அவள் கேட்கவில்லை. அவர் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்துச் சின்னப்பையன், அம்பத்தூர் பக்கம் இலவசமாகப் போடும் வாரப் பேப்பரோடு வந்தார். மாவுக் கம்பெனி முதலாளிக்குப் பரந்தாமன் மாலை போடும் படம். பக்கத்தில் ஆவடி, பூந்தமல்லி அணிகள் தோளோடு தோள். 'ஆக்கிரமிப்பாளர் பிடியிலிருந்த பெயரை மீட்டது பேரவை, உரியவரிடம் ஒப்படைப்பு.' ஒப்படைக்க வாங்கிய சிறு தொகை பற்றிப் பேப்பரில் இல்லை. மேற்படி ஆக்கிரமிப்பாளர் நூம்பல்வாசி என்பது இருந்தது.

"படம் நல்லா வந்திருக்கு சார்" என்றார் சின்னப்பையன். "உங்களுதுதான் போடலை."

ஞானசௌந்தரி பேப்பரை மடித்து மேசைமேல் வைத்தாள். "அப்ப அன்னைக்கு நான் ஓடிபி சொன்னது எதுக்கு?"

அவர் பதில் சொல்வதற்குள் கீழே தபால்காரர் குரல் கொடுத்தார்.

"சார்! இன்னொரு நோட்டீஸ்! கையெழுத்துப் போடணும்!"

அனுப்பியது இணையப் பெயர்ப் பாதுகாவலர் பேரவை. தங்களுக்கே உரிய பெயரை மேற்படி ஆரோக்கியசாமி தீய நோக்கத்துடன் ஆக்கிரமித்து வைத்திருப்பதாகவும், இத்தகையவர்களால்தான் நேர்மையான முதலீட்டாளர்களுக்குக் கெட்ட பெயர் வருவதாகவும், பதினைந்து நாள் அவகாசம் தருவதாகவும் எழுதியிருந்தது. கீழே அதே ரப்பர் ஸ்டாம்ப். கோட்டின்மேல் அதே குண்டுக் கையெழுத்து.

ஞானசௌந்தரி அதை நின்றபடி இரண்டு முறை படித்தாள். பீரோவைத் திறந்தாள். நற்சான்றிதழை எடுத்து நோட்டீசுக்குப் பக்கத்தில் வைத்துத் தேதியைப் பார்த்தாள், முத்திரையைப் பார்த்தாள்.

"இந்த லெட்டரை நம்பித்தானே ஓடிபி சொன்னேன்" என்றாள் கடைசியில். கோபமாகக்கூட இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

"சௌந்தரி..."

"பேசாதீங்க. முத்திரை தெளிவா தெரியற மாதிரி ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க. ரெண்டு காப்பி."

"ரெண்டு எதுக்கு? பேரவைக்கு ஒண்ணு போதுமே."

"இன்னொண்ணு எங்கம்மாவுக்கு."